ஒன்றரையில் அரை

இந்தப் பக்கத்தில் சினிமாவை விமர்சித்திருக்கிறேன். ஒரு கவிதைத் தொகுப்பைக் கிண்டல் செய்து, கவிஞரின் நண்பர்களிடம் போனில் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். வரிப் படிவத்துக்கு விமர்சனம் எழுதுவது இதுதான் முதல் தடவை. படிவத்தின் பெயர் 'ஷெட்யூல் 1-ஏ'. வெளியீடு, அமெரிக்க வருமான வரித் துறை. மொத்தம் இரண்டே பக்கம். ஆனால், ஒரு நாவலுக்கு உண்டான ஏமாற்றம் அதில் இருக்கிறது.

இதை நானாகத் தேடிப் படிக்கவில்லை. காரணம் என் நண்பர். பாங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் மகள் டெக்ஸாஸில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். கிரீன் கார்டு இருக்கிறது. கல்யாணம் இன்னும் ஆகவில்லை. மணிக் கணக்கில் சம்பளம். வாரத்துக்கு 40 மணி நேரம் போதாதென்று இன்னொரு 10 மணி நேரம் ஓவர்டைம். 2025 ஜூலையில் அப்பாவுக்கு போன் போட்டு, "அப்பா, இனிமே ஓ.டி. சம்பளத்துக்கு டாக்ஸே கிடையாதாம். ஜனவரியிலேர்ந்து பாத்த ஓ.டி.க்கும் சேர்த்தாம்" என்று குதித்திருக்கிறாள்.

2026 பிப்ரவரியில் அடுத்த போன். குரலில் சுரத்து இல்லை. "கணக்கு தாக்கல் பண்ற சாஃப்ட்வேர்ல போட்டுப் பாத்தேம்ப்பா. மூணுல ஒரு பங்குதான் எடுத்துக்குது. நான்தான் ஏதாவது தப்பா டைப் பண்ணிட்டேனா?"

நண்பர் பேப்பர்களைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். "முப்பது வருஷம் வட்டிக் கணக்கு பாத்தவன் ஸார் நான். எனக்கே தலை சுத்துது. நீங்கதான் கண்டதையும் படிக்கிற ஆளாச்சே, இதையும் படிச்சுச் சொல்லுங்க" என்றார். படித்தேன். பெண் தப்பாக எதுவும் டைப் பண்ணவில்லை.

முதலில் கோஷத்தைப் பார்ப்போம். 2024 செப்டம்பரில், அரிசோனா மாநிலத்தில் டூஸான் நகரத் தேர்தல் கூட்டத்தில் டிரம்ப் சொன்னது: ஓவர்டைமுக்கு வரி இல்லை. ஆட்டோவுக்குப் பின்னால் எழுதிவைக்கலாம் போலக் கச்சிதமான வாசகம். ஜெயித்த பிறகு 2025 ஜூலை 4-ம் தேதி கையெழுத்தான பெரிய வரிச் சட்டத்தில் அது இடம்பிடித்தது. கோஷம் சட்டமாகி, சட்டம் படிவமானபோது நடுவில் ஒரு வார்த்தை புகுந்துகொண்டது. 'தகுதியுள்ள' ஓவர்டைம் ஊதியம். இந்தக் கதையில் வில்லன் அந்த வார்த்தைதான்.

அமெரிக்காவில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால், கூடுதல் மணிக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் தர வேண்டும். மணிக்கு 30 டாலர் வாங்குபவருக்கு ஓவர்டைம் மணிக்கு 45 டாலர். இந்த 45-ல் எது 'தகுதியுள்ளது'? நீங்களும் நானும் 45 டாலரும் என்றுதானே நினைப்போம்? சட்டம் அப்படி நினைக்கவில்லை. 30 டாலர், வழக்கமான சம்பளம். அதற்கு மேல் கொடுக்கிற 15 டாலர்தான், அதாவது ஒன்றரையில் அந்த அரைதான், கணக்கில் சேரும். ஓவர்டைம் என்று பே ஸ்லிப்பில் இருக்கும் தொகையை மூன்றால் வகுத்தால் வருவது. பெண்ணின் சாஃப்ட்வேர் செய்தது இந்த வகுத்தலைத்தான்.

அதோடு, 'வரி இல்லை' என்பதும் வேறு, 'கழிவு' என்பதும் வேறு. வரி இல்லை என்றால் அந்தப் பணத்தை வரிக்காரர் பார்க்கவே மாட்டார். கழிவு என்றால், முழுப் பணமும் வருமானத்தில் ஏறும். பிறகு படிவத்தில் ஒரு தொகையைக் குறைத்துக்கொண்டு, மீதிக்கு வரி கட்ட வேண்டும். அந்தக் கழிவுக்கும் உச்சவரம்பு உண்டு. தனி ஆளுக்கு வருடத்துக்கு 12,500 டாலர். கணவன் மனைவி சேர்ந்து கணக்குக் கொடுத்தால் 25,000. திருமணமானவர்கள் தனித்தனியாகக் கொடுத்தால் எதுவும் கிடையாது. தனி ஆளின் வருமானம் ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் கழிவில் 100 டாலர் குறையும். தம்பதிக்கு அந்த எல்லை மூன்று லட்சம்.

நண்பரின் மகள் கணக்கை, எண்களைக் கொஞ்சம் ரவுண்ட் பண்ணிப் போட்டுப் பார்த்தோம். மணிக்கு 30 டாலர், வருடத்தில் 50 வாரம். வழக்கமான சம்பளம் 60,000 டாலர். வாரம் 10 மணி வீதம் 500 மணி நேர ஓவர்டைமுக்கு 22,500. மொத்தம் 82,500. இதில் எல்லோருக்கும் பொதுவான நிலையான கழிவு 15,750. புதுச் சட்டப்படி கழிக்கக்கூடியது 22,500 அல்ல, அதில் மூன்றில் ஒரு பங்கான 7,500. அவளுடைய வருமானத்தின் மேல்தட்டு 22 சதவிகிதப் படியில் இருக்கிறது. ஆக, மிச்சமாகும் வரி 1,650 டாலர்.

கோஷத்தை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியிருந்தால் மிச்சம் 4,500 டாலருக்குக் கொஞ்சம் மேலே வந்திருக்கும். நண்பர் கால்குலேட்டரை வைத்துவிட்டு, "மீதி எங்கே ஸார்?" என்றார். மீதி, 'தகுதியுள்ள' என்ற வார்த்தைக்குள் இருக்கிறது.

இன்னும் முடியவில்லை. அங்கே வருமான வரியைத் தவிர, சம்பளத்தில் ஓய்வூதியக் காப்புக்காக 6.2 சதவிகிதமும் முதியோர் மருத்துவத்துக்காக 1.45 சதவிகிதமும் பிடிப்பார்கள். புதுச் சட்டம் இந்தப் பிடித்தத்தைத் தொடவே இல்லை. 22,500 டாலர் ஓவர்டைமுக்கு இந்த வகையில் போவது 1,721 டாலர். ஒரு கையால் 1,650 கொடுத்து, இன்னொரு கையால் 1,721 எடுக்கிறார்கள். இரண்டு வரியையும் சேர்த்துப் பார்த்தால், 'வரியே இல்லாத' அந்த 22,500 டாலருக்கு அவள் கட்டுவது சுமார் 4,600 டாலர். இருபது சதவிகிதத்துக்கும் மேல். டெக்ஸாஸில் மாநில வருமான வரி கிடையாது என்பதால் தப்பித்தாள். வேறு பல மாநிலங்களில் அதுவும் தனி.

படிவத்தின் நடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், விமர்சனம் என்று தலைப்பு கொடுத்துவிட்டேன். 2025 கணக்கைப் பொறுத்தவரை இது படிக்கிறவரிடமே பாதிக் கதையை எழுதச் சொல்கிற படிவம். அங்கே நம்ம ஊர் ஃபார்ம் 16 மாதிரி டபிள்யூ-2 என்று ஒன்றை முதலாளி கொடுப்பார். வருட நடுவில் சட்டம் வந்ததால், 2025-க்கான டபிள்யூ-2-வில் ஓவர்டைமுக்கென்று தனிக் கட்டம் போடவில்லை. தனியாகக் காட்ட வேண்டிய கட்டாயமும் முதலாளிக்கு இல்லை. நவம்பரில் வரித் துறை ஒரு விளக்கக் குறிப்பு வெளியிட்டது: பே ஸ்லிப்புகளைக் கூட்டுங்கள், ஒன்றரை மடங்கு என்றால் மூன்றால் வகுங்கள், இரண்டு மடங்கு கொடுத்திருந்தால் நான்கால் வகுங்கள். நல்லது. ஜனவரி மாத பே ஸ்லிப்பை யார் வைத்திருந்தார்கள்? 2026-ம் வருடச் சம்பளத்திலிருந்து டபிள்யூ-2-வில் 12-ம் கட்டத்தில் 'டிடி' என்ற குறியீட்டோடு முதலாளியே காட்ட வேண்டும் என்று சரிசெய்தார்கள். சலுகை முதலில், கட்டம் அடுத்த வருடம்!

சரி, யாருக்கு இது கிடையாது? இங்கேதான் படிவத்தை மூடிவைக்க மனசு வரவில்லை.

ஒரே ஆஸ்பத்திரியில் 60 மணி நேரம் வேலை பார்ப்பவருக்கு 20 மணி ஓவர்டைம். காலையில் ஒரு கடையில் 30 மணி, மாலையில் இன்னொரு கடையில் 30 மணி என்று அதே 60 மணி நேரம் உழைப்பவருக்கு ஓவர்டைமே கிடையாது. 40 மணி என்பது ஒவ்வொரு முதலாளிக்கும் தனித்தனிக் கணக்கு. உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான். வரிக்கு ஒன்றில்லை.

வயலில் வேலை செய்பவர்களை 1938-ல் வந்த அந்த மத்தியச் சட்டமே ஓவர்டைமிலிருந்து விலக்கிவைத்தது. இன்னும் அப்படித்தான். சில மாநிலங்கள் சொந்தச் சட்டத்தில் கொடுக்கின்றன. மத்தியச் சட்டம் கட்டாயப்படுத்தாத ஓவர்டைம் என்பதால் அது 'தகுதியுள்ளது' ஆகாது. கலிஃபோர்னியாவில் ஒரு நாளைக்கு 8 மணி தாண்டினாலே ஒன்றரை மடங்கு. ஆனால், வாரத்தில் 40 மணியைத் தாண்டாவிட்டால் இந்தக் கழிவு இல்லை. ராத்திரி ஷிஃப்ட்டுக்கென்று கூட்டிக் கொடுக்கும் தொகையும் சேராது.

நம்மவர்கள்? அங்கே இருக்கும் தமிழர்களில் பலர் கம்ப்யூட்டர் துறையில் மாதச் சம்பளக்காரர்கள். மேனேஜர்கள், கம்ப்யூட்டர் நிபுணர்கள் போன்றோருக்கு ஓவர்டைம் தர வேண்டியதில்லை என்று சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சர்வரைச் சரிசெய்பவருக்கு ஓவர்டைமும் இல்லை, கழிவும் இல்லை. அவரைப் பார்த்துப் பெரிதாகக் கண்ணீர் விட வேண்டாம். சம்பளம் அதிகம்.

பரிதாபம் வேறிடத்தில் இருக்கிறது. அங்கே மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். 2009-லிருந்து ஒரு சென்ட் ஏறவில்லை. அந்தச் சம்பளத்தில் வாரம் 50 மணி நேரம் வருடம் முழுக்க உழைத்தால் சுமார் 20,700 டாலர் வரும். அவர் ஒற்றைச் சம்பளத்தில் மனைவியோடு வாழ்பவர் என்றால், தம்பதிக்கான நிலையான கழிவே 2025 கணக்குக்கு 31,500. வருமான வரி ஏற்கெனவே பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து எதைக் கழிப்பது? ஓவர்டைம் சம்பளம் யாருக்கு உயிர்த்தேவையோ, அவருக்கு இந்தச் சலுகையால் ஒரு டாலர்கூட லாபமில்லை.

இத்தனை குறைகளையும் சொன்னபோது நண்பர், "குடுக்கிறதைக் கொறை சொல்றீங்களே ஸார்" என்றார். நியாயம்தான். 1,650 டாலர் அந்தப் பெண்ணுக்கு ஒரு மாத வாடகை. ஞாயிற்றுக்கிழமையும் லேபில் நிற்பவளுக்கு வரியில் ஒரு ஆறுதல் கிடைத்தால் எனக்கென்ன வயிற்றெரிச்சல்?

என் சண்டை அந்தப் பணத்தோடு இல்லை. அந்த 'அரை' எதற்காக வந்தது என்பதை இந்தப் படிவம் தலைகீழாக்கிவிட்டது என்பதோடுதான்.

கொஞ்சம் சரித்திரம். 1930-களில் அமெரிக்காவில் கடும் மந்தம். ஒரு பக்கம் வேலையில்லாத கூட்டம். இன்னொரு பக்கம் வேலை இருப்பவர்களை முதலாளிகள் பிழிந்தெடுத்தார்கள். ரூஸ்வெல்ட் ஆட்சியில் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஃபிரான்ஸிஸ் பெர்க்கின்ஸ், அமெரிக்க மந்திரி சபையில் இடம்பெற்ற முதல் பெண். அவர் பாடுபட்டுக் கொண்டுவந்த 1938 சட்டம் முதலில் வாரத்துக்கு 44 மணி என்றது. 1940-ல் அது 40 ஆனது. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு. ஏன் ஒன்றரை? தொழிலாளி கூடச் சம்பாதிக்கட்டும் என்பது மட்டும் அல்ல நோக்கம். அந்த அரை, முதலாளிக்குப் போட்ட அபராதம். 'ஒரே ஆளை 60 மணி நேரம் பிழியாதே, இன்னொரு ஆளை வேலைக்கு வை. அப்படியும் பிழிந்தால் அபராதம் கட்டு' என்ற கணக்கு.

இப்போது 2025-க்கு வாருங்கள். அபராதமாகப் பிறந்த அதே அரையை எடுத்து, அரசாங்கம் அதற்குப் பரிசு வைக்கிறது. முதலாளியின் அபராதம் குறையவில்லைதான். ஆனால், தொழிலாளியே விரும்பி வந்து ஓவர்டைம் கேட்கும்படி பொதுப் பணத்திலிருந்து சர்க்கரை தடவுகிறார்கள். அந்தச் சர்க்கரைக்கான செலவு 10 வருடக் கணக்கில் சுமார் 9,000 கோடி டாலர் என்று அமெரிக்கப் பாராளுமன்றத்தின் வரிக் குழுவே மதிப்பிட்டது.

இதை முதலில் செய்தவர்கள் அமெரிக்கர்களும் அல்ல. 'அதிகம் உழைத்து அதிகம் சம்பாதி' என்ற கோஷத்தோடு வந்த சர்கோஸி, 2007-ல் பிரான்ஸில் ஓவர்டைமுக்கு வரிவிலக்கு கொடுத்தார். ஆராய்ந்து பார்த்த பொருளாதார நிபுணர்கள், ஜனங்கள் உழைத்த மொத்த நேரம் கூடியதாகத் தெரியவில்லை என்றார்கள். கூடியது, ஓவர்டைம் என்று கணக்கில் காட்டப்பட்ட நேரம்! குறிப்பாக, நேரத்தைச் சரிபார்க்க முடியாத பெரிய படிப்பாளிகளிடம். 2012-ல் அடுத்து வந்த ஆட்சி அதை ரத்து செய்தது. 2019-ல் மக்ரோன் உச்சவரம்போடு திரும்பக் கொண்டுவந்தார். அமெரிக்காவிலேயே அலபாமா மாநிலம் 2024 ஜனவரியில் தன் மாநில வரியிலிருந்து ஓவர்டைமை விலக்கியது. கஜானாவில் விழுந்த ஓட்டை எதிர்பார்த்ததைவிட மிகப் பெரிதாக இருந்தது. 2025 ஜூனோடு நிறுத்திக்கொண்டார்கள்.

நம்ம ஊர் எப்படி என்று கேட்பீர்கள். 1948-ன் தொழிற்சாலைச் சட்டம், ஒரு நாளில் 9 மணியோ வாரத்தில் 48 மணியோ தாண்டினால் இரட்டைச் சம்பளம் என்றது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் இரட்டிப்பைத் தொடர்கிறது. அவர்கள் அபராதம் அரை, நம் அபராதம் ஒன்று. பேப்பரில் நாம்தான் முன்னால் நிற்கிறோம். வருமான வரியில் ஓவர்டைமுக்கென்று தனிச் சலுகை இங்கே இல்லை, சம்பளத்தோடு சேர்ந்துவிடும். அதில் எனக்கு வருத்தமும் இல்லை. 1923-ல் சிங்காரவேலர் சென்னையில் முதல் மே தினம் கொண்டாடியதிலிருந்து நாம் கேட்டுவந்தது எட்டு மணி நேரத்தைத்தான், பன்னிரண்டு மணி நேரத்துக்கு வரிச் சலுகையை அல்ல. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழகச் சட்டசபையில் நிறைவேறி, தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் போட்ட சத்தத்தில் திரும்பப் பெறப்பட்டது ஞாபகமிருக்கிறதா?

அங்கே பிள்ளைகள், மருமகள்கள் மணிச் சம்பளத்தில் வேலை பார்க்கும் பெற்றோருக்கு நாலு வரி. பே ஸ்லிப்புகளைத் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள். ஓவர்டைம் மொத்தத்தைப் படிவத்தில் போடக் கூடாது. அரைப் பங்கை மட்டும் போட வேண்டும். நிலையான கழிவு எடுப்பவர்களுக்கும் இது உண்டு. வேலை செய்யச் செல்லுபடியாகும் சோஷியல் செக்யூரிட்டி எண் கட்டாயம். சலுகை 2025 முதல் 2028 வரை, நான்கு வருடக் கணக்குகளுக்கு மட்டும்.

நண்பர் எல்லாவற்றையும் மகளுக்கு போனில் விளக்கினார். நான் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "பணம் வர்றது வரட்டும்ப்பா. இந்த வருஷம் ஓ.டி.யைக் குறைச்சுக்கலாம்னு இருந்தேன். லேபுக்கு இன்னொரு ஆள் போடுங்கன்னு சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன். அவர் சிரிச்சுட்டு, 'இப்பதான் ஓவர்டைமுக்கு டாக்ஸ் இல்லையே, நீயே இன்னொரு ஷிஃப்ட் பாரேன்'ங்கிறார்."

நண்பர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த சூப்பர்வைசர் படிவத்தை நிச்சயமாகப் படித்திருக்க மாட்டார். கோஷத்தை மட்டும்தான் கேட்டிருப்பார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. 1938-ல் அந்த இன்னொரு ஆளுக்காகப் போட்ட சட்டம் அது. அந்த ஆள் லேபுக்கு வரவே போவதில்லை.